பல்லே பக்கம் கொஞ்சம்

செப்டம்பர் 11

கணக்கு ஒரு வழியாகப் படிந்துவிட்டது. டவர் மலையில் இருக்கிற ஒற்றை அன்டெனாவைக் கழற்றிவிட்டு, நாலை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கப் போகிறேன். அடுக்கினால் மேலேயும் கீழேயும் வீணாகப் போகிற சிக்னல் ஒடுங்கி, நேராகத் தூரம் போகும். பழையது குப்பி லாம்பு என்றால் இது டோர்ச். எங்கள் மண்சரிவு எச்சரிக்கை சைரன்களில் ஆகத் தூரத்தில் இருப்பது பல்லேகமவுக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில். அந்தப் பல்லே சைரன் இத்தனை நாளும் கூப்பிட்டால் எழும்பும், எழும்பாது, அதன் இஷ்டம். இனி எழும்பாமல் இருக்கட்டும் பார்ப்போம்!

தில்லையம்பலம் ஸேரிடம் படத்தைக் காட்டினேன். "வடிவா வந்திருக்கு பிள்ளை. ஆனா, ஒடுக்கம் கூடிப்போச்சோ?" என்றார். இந்த மனிசனுக்கு எதைக் காட்டினாலும் ஒரு 'ஆனா'. பெரிய எஞ்சினியர் என்றால் அப்படித்தானாக்கும்.

செப்டம்பர் 23

நாலையும் ஏற்றியாச்சு, அல்ஹம்துலில்லாஹ்.

ஏறினது ரவூப் மச்சான். என் கூடப் பிறந்த ராத்தா பர்ஸானாவின் புருஷன். இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். எங்கள் ஆட்கள் நாள் முழுக்கத் தமிழ் கதைத்தாலும், டவரில் ஏறினால் திசைக்கு மட்டும் சிங்களம். உட என்றால் மேலே, பல்லே என்றால் கீழே. யார் தொடங்கி வைத்த பழக்கமோ, காற்றுக்குள் சின்னச் சொல்தான் போய்ச் சேரும்.

பின்னேரம் பனி மூடிவிட்டது, கீழே இருந்து அன்டெனா தெரியவில்லை. திசை ஒரு பொட்டு தெற்கே போயிருந்ததைப் பனிக்கு முன்னமே கண்டிருந்தேன். ஃபோனில் சொல்லிச் சரியாக்கினேன். "இறுக்கியாச்சு மிஸ் அவர்களே, இறங்க உத்தரவா?" என்று மச்சான் நக்கல் அடித்தார். வரும் வழியில் உக்குவளையில் ரெண்டு பேரும் கொத்து ரொட்டி சாப்பிட்டோம்.

செப்டம்பர் 25

சைரன் இருக்கிற ஊருக்குப் போனேன். அறைச் சாவி சோமா அக்காவிடம். வாய் ஓயாத மனுஷி, என்னை மரியாதையாக 'நோனா' என்றுதான் கூப்பிடுவார். மாத்தளை ஒஃபிஸிலிருந்து கட்டளை அனுப்பச் சொன்னேன். முதல் தடவையிலேயே ஊதியது! அக்கா ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு. "இது கத்தினா செத்தவனும் எழும்புவான் நோனா" என்றார் சிங்களத்தில். ஒரு பை நிறைய வெரளிக்காய் தந்துவிட்டார். உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு எழுதிக்கொண்டே தின்கிறேன்.

நவம்பர் 6

வாராவாரம் ஊதுகிறது. எங்கே ஸேரின் 'ஆனா'?

ஜனவரி 9

காலையிலிருந்து மழை. சாதாரண மழை இல்லை. பகல் தொழுகைக்குப் பிறகு மழைமானி அளவு சிவப்புக்குப் போனது. எல்லா சைரனுக்கும் கட்டளை கொடுத்தேன். எல்லாம் பதில் அனுப்பியது, பல்லே மட்டும் இல்லை. திரும்பக் கொடுத்தேன். திரும்ப. திரும்ப. சோமா அக்காவின் ஃபோன் அடிக்கவே இல்லை. பொலிஸுக்குச் சொன்னோம், பாதையில் மரம் விழுந்து கிடக்குதாம்.

யா அல்லாஹ், ஊத வை.

ஜனவரி 10

மலை இறங்கிவிட்டது. அஞ்சு வீடு. சோமா அக்காவை இன்னும் மண்ணிலிருந்து எடுக்கவில்லை.

ஜனவரி 11

எடுத்துவிட்டார்கள்.

ஜனவரி 15

மழை விட்ட பிறகு டவர் மலைக்குப் போனோம். வானம் வெளித்திருந்தது. நிமிர்ந்து பார்த்த உடனே தெரிந்தது. நாலு அன்டெனாவும் குனிந்து நிற்கிறது. டோர்ச் வெளிச்சம் முழுக்கப் பக்கத்துக் காட்டில் அடிக்கிறது. வெயில் நாளில் ஓரத்துச் சிக்னலில் சைரன் தப்பிப் பிழைத்திருக்கிறது. காடு நனைந்ததும் அதுவும் இல்லை.

"யாருங்க மச்சான் இத சாச்சது?" என்று கத்தினேன்.

"நீங்கதானே பல்லே பக்கம் கொஞ்சம்னு சொன்னீங்க. கீழ இறக்கினேன்."

"பல்லேகம பக்கம் திருப்பச் சொன்னேன்! காது என்ன அடைச்சா கெடக்கு?"

அத்தனை பேருக்கு முன்னால் கேட்டேன். நான் பல்லேகம என்றுதான் சொன்னேன். அல்லாஹ் மேல சத்தியமா அப்படித்தான் சொன்னேன்.

ஜனவரி 22

விசாரணை. கொழும்பிலிருந்து ரெண்டு பேர் வந்திருந்தார்கள். பிழை மச்சானுடையது என்றால் வேலை போகும், பொலிஸ் கேஸும் வருமாம். என்னை நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். தொடங்கினேன்: "அன்னைக்கு பல்லே சைரனுக்காக, பல்லே பக்கம்..."

என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன். எங்கள் வீட்டில் பல்லேகமவுக்குப் பேரே அதுதானே. 'கம'வை எப்போது தின்று தொலைத்தோம்?

கொழும்புக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேல சொல்லும்" என்றார். நான் மேலே சொன்னேன். பாவி, 'கம'வையும் சேர்த்து, பிழையை மச்சான் மேலேதான் போட்டேன்.

பிறகு மச்சானைக் கேட்டார்கள். என்னைப் பார்க்கவே இல்லை. "மிஸ் சரியாத்தான் சொல்லியிருப்பாங்க. நான் கேட்டது பிழை" என்றார்.

ஜனவரி 23

ராத்தா ஃபோன் எடுத்தாள். ஸலாமும் இல்லை.

"அவர் உன்ட பேரச் சொல்லல்ல. நீ அவர்ட பேரச் சொன்னியா, இல்லையா?"

வாயைத் திறக்கிறதுக்குள்ளே வைத்துவிட்டாள்.

ஜனவரி 24

சோறு இறங்கல்ல. உம்மா பேய் பிடிச்சிருக்கானு கேட்கிறா. பேயா? சோமா அக்கா ஏன் பேயா வரணும், அவங்க சிரிச்ச சிரிப்பே போதுமே எனக்கு.

ஜனவரி 26

ஸேரின் அறைக்குப் போனேன். உட்காரவில்லை.

"பல்லேனுதான் ஸேர் சொன்னேன். எப்பவும் அப்படித்தான் சொல்றேன். இன்னொன்னு, பழைய அன்டெனாவா இருந்தா இந்தச் சாய்வுக்கும் சிக்னல் போயிருக்கும். ஒடுக்கினது நான். இறங்கினதும் சாய்வை அளக்காம கொத்து திங்கப் போனதும் நான். எல்லாத்தையும் எழுதுங்க."

"எழுதினா உமக்கு இந்தத் துறையில வேலை இல்லைப் பிள்ளை."

"எழுதுங்க ஸேர்."

படம் காட்டின அன்றைக்கே நான் அழுத்திச் சொல்லியிருக்க வேணும் என்றார். அவருக்கும் தூக்கம் இல்லைப் போல.

பெப்ரவரி 19

நிறுத்தி வைத்திருந்த மச்சானைத் திரும்ப வேலைக்கு எடுத்துவிட்டார்கள். என்னை மார்ச்சோடு போகச் சொல்லிக் கடிதம். ராத்தா இன்னும் பேசவில்லை. வட்டிலப்ப இனிப்பு அனுப்பியிருந்தாள், பாத்திரத்தைக் கொண்டு வா என்று சொல்லாமல்.

மார்ச் 17

கடைசி வேலை. நாலையும் இறக்கிவிட்டு ஒற்றை அன்டெனாவைத் திரும்பப் போட்டோம். தூரம் குறையும். அதற்காக நடுவழியில் சிக்னலைக் கைமாற்ற இன்னொரு சிறிய கம்பம் நட்டிருக்கிறது. அப்போதே செய்திருக்கலாம்.

ஏறினது ரவூப் மச்சான்தான். வேறு யாரையும் ஏறவிடவில்லை.

"எந்தப் பக்கம்?" என்றார் ஃபோனில். மிஸ்ஸும் இல்லை, நக்கலும் இல்லை.

"பல்லேகம."

"திரும்பச் சொல்லுங்க."

"பல்லே... கம. கம, மச்சான்."

"விளங்குது" என்றார்.

அவர் இறங்கியதும் நானே ஏறிச் சாய்வை அளந்தேன். அளவு சரி.

சைரன் இருக்கிற இடத்தில் ஸேர் நின்றார். தப்பின ஆட்களை எல்லாம் வில்கமுவப் பக்கம் குடியேற்றிவிட்டார்கள், அந்த ஊரில் இப்போது யாரும் இல்லை. கட்டளை கொடுத்தேன். முதல் தடவையிலேயே எழும்பியது. ஃபோனுக்குள்ளால் எனக்கும் கேட்டது, நிற்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

"ஊதுது பிள்ளை" என்றார் ஸேர். "நல்லா ஊதுது. ஆனா..."