வீட்டுக்குக் கொண்டுவர முடியாத பியர்

ரூஜ், ஸ்காபரோ, கனடா
செப்டம்பர், ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள கீதன் அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். இந்த வரியை இம்முறை தயங்காமல் எழுதினேன்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். ஒக்டோபரில் தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வரும்போது அப்பாவுக்கு எந்தப் போத்தல் கொண்டுவர வேண்டும் என்று மெசேஜ் போட்டிருந்தீர்கள். ஒன்றும் வேண்டாம். டியூட்டி ஃப்ரீ கடைப்பக்கமே போகாதீர்கள். சொக்லேட் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் கையை வீசிக்கொண்டு வாருங்கள்.

அவுஸ்திரேலியாவில் பேர்த்திலிருந்து இவ்வளவு தூரம் வரும் மகன் வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைவதா என்று யோசிப்பீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பகிடியாக்கிவிடுவீர்கள். வட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு மறந்துவிடுவீர்கள்.

ஜனவரியில் அப்பா ஐஸில் வழுக்கி விழுந்தார் என்று உங்களுக்குச் சொன்னோம். அம்மா அப்படித்தான் சொல்லச் சொன்னார். ஐஸ் அல்ல. இரத்தினவேல் அங்கிளின் கராஜ். உங்களுக்குத் தெரிந்த கராஜ்தான். ஹீற்றர், மடக்குக் கதிரைகள், காரின் டிக்கிக்குள் போத்தல்கள். உள்ளே அன்ரிமார் ஒன்றும் தெரியாத முகத்தோடு றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்கள். யாருடையதோ பிறந்தநாள். அப்பா எழும்பினார். கதிரையையும் பிடித்துக்கொண்டு எழும்பினார். இரண்டும் விழுந்தன.

நெற்றித் தையல் ஆறிவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈரல். டொக்டர் ஸ்க்ரீனை எங்கள் பக்கம் திருப்பினார். விஸ்கி, பிராந்தி எதையும் இனித் தொடக்கூடாது, இப்போதே நிறுத்தினால் ஈரல் தேறிவிடும், இந்த இடத்தைத் தாண்டினால் தேறாது என்றார். பியர் குடிக்கலாமோ என்று அப்பா கேட்டார். அந்தக் கட்டிலில், தலையில் கட்டோடு இருந்துகொண்டு. டொக்டர், எல்லாவற்றையும் விட்டால் எனக்குச் சந்தோஷம் என்றார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த அன்று அம்மா ஒரு சட்டம் போட்டார். கோபத்தில் போட்ட சட்டம். "இஞ்சேருங்கோ, இந்த வீட்டுக்குள்ள இனி ஒரு சொட்டும் வரக்கூடாது. கராஜுக்குள்ளயும்தான். குடிச்சே ஆகோணும் எண்டால் சைக்கிளில போங்கோ. கடையில இருந்து ஒண்டு குடியுங்கோ. அதே சைக்கிளில விழாமல் வந்தால் கதவு திறப்பன்." அப்பாவிடம் சைக்கிள் இருக்கவில்லை. அது தெரிந்துதான் அம்மா அப்படிச் சொன்னார்.

ஏப்ரலில் அப்பா ஒரு சைக்கிள் வாங்கினார்.

கண்ணாடி அலுமாரியில் நீங்கள் ஒவ்வொரு முறையும் கொண்டுவந்தவை வரிசையாக நின்றன அல்லவா. அவற்றை அதற்கு முதலே நான் சிங்கில் ஊற்றிவிட்டேன். வீடு முழுக்க மணத்தது. அம்மா சாம்பிராணி போட்டார். வெறும் போத்தலையாவது வைத்திருப்போமே, வடிவாக இருக்கிறது, மகன் கொண்டுவந்தது என்று அப்பா கேட்டார். அம்மா ஒரு போத்தலை விட்டுக்கொடுத்தார். அதில் இப்போது மணிபிளாண்ட் வளர்கிறது.

சனிக்கிழமைகளில் அப்பாவோடு நானும் போகவேண்டும் என்றானது. துணைக்கு என்று அப்பா சொன்னார். காவலுக்கு என்று அம்மா சொன்னார்.

முதல் சனிக்கிழமை பக்கத்திலிருந்த ஸ்போர்ட்ஸ் பாருக்குப் போனோம். பனி படர்ந்த கிளாஸ். அப்பா தண்ணீர் குடிப்பதுபோலக் குடித்தார். நான் கதிரையைச் சரியாக இழுத்து இருப்பதற்குள் முடிந்துவிட்டது. பிறகு இருவரும் டீவியில் யாரோ விளையாடிய ஹொக்கியைப் பார்த்தோம். அவருடைய கை வெறும் கிளாஸை மேசையில் சுற்றிக்கொண்டேயிருந்தது. இது சரிவராது என்று தெரிந்தது.

அதன்பிறகுதான் தேட ஆரம்பித்தேன். எம்.ஏ. ஆய்வுக்குக்கூட இப்படித் தேடியதில்லை. மெதுவாகக் குடிக்கவேண்டிய ஏதாவது இருக்குமா என்று தேடப்போய் ரியல் ஏல் என்ற ஒன்றில் வந்து நின்றேன். இங்கிலாந்துப் பழக்கம். பீப்பாவுக்குள் கடைசிவரை நொதித்துக்கொண்டே இருக்கும் பியர். காஸ் அடிப்பதில்லை. பப்பின் பேஸ்மென்ற்றில், நிலத்துக்குக் கீழே, பீப்பா கிடக்கும். மேலே கைப்பம்பால் இழுத்து ஊற்றுவார்கள். ஐஸ் குளிர் இல்லை, பேஸ்மென்ற்றின் குளிர்தான். நான் தேடியவற்றில் போதையும் அவ்வளவு இல்லை. பீப்பாவைத் திறந்தால் சில நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

போத்தலில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று ஒரு பப்புக்குப் போன் செய்து கேட்டேன். கொண்டுபோகலாம், வைத்திருந்து குடிக்க முடியாது, செத்துப்போய்விடும் என்றார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "வீட்டை கொண்டுவரேலாதோ? அப்ப அதையே குடிக்கட்டும்." ஜனவரிக்குப் பிறகு அம்மா சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆனால் அது இந்தப் பக்கம் லேசில் கிடைக்காது. கிடைத்தாலும் நல்லதாக இருக்காது. வசந்தம் முழுவதும் ஏரிக்கரைப் பாதையில் கிழக்குப் பக்கமாகத் தேடினோம். ரூஜ் ஆறு ஏரியில் விழும் இடத்துப் பாலத்தைத் தாண்டினால் பிக்கரிங். பிறகு ஏஜாக்ஸ், விற்பி, ஒஷாவா என்று ஊர்கள். போகும்போது புறநகர் கோ ரயிலில் சைக்கிளை ஏற்றுவோம். வரும்போது அப்பாவின் கால் எவ்வளவு தூரம் விடுகிறதோ அவ்வளவு தூரம் ஓடுவோம். களைத்தால் அடுத்த ஸ்டேஷன்.

பிக்கரிங்கில் ஒரு பப்பில் கைப்பம்பு இருந்தது. அதில் யாரோ தொப்பி மாட்டியிருந்தார்கள். அலங்காரத்துக்காம். விற்பியில் உண்மையாகவே ஊற்றினார்கள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தை மாற்றாமல் என் பக்கம் சாய்ந்தார். "பிள்ளை, ஆப்பத்துக்கு மா புளிக்கவைச்சிட்டு மறந்துபோனாங்கள்." சுவையே அப்படித்தான் என்று பரிமாறிய பையன் விளக்கம் சொன்னான். அப்பா தலையாட்டிக் கேட்டார். அவன் திரும்பியதும் கிளாஸைப் பூச்சட்டிக்குப் பின்னால் மெல்லத் தள்ளிவைத்தார். வேண்டாம் என்று அவர் ஒரு கிளாஸைத் தள்ளி அன்றுதான் பார்த்தேன்.

நல்ல பப் எது என்று எனக்கு இப்போது கொஞ்சம் தெரியும். பெயர்ப்பலகையில் தெரியாது. ஒன்றோ இரண்டோ பீப்பாதான் வைத்திருப்பார்கள். வாங்க முதல் ஒரு மிடறு ருசிபார்க்கத் தருவார்கள். இல்லாதபோது இல்லை என்பார்கள். ஒஷாவாவில் ஒரு பக்கத்தெருவில் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தோம். அன்றைக்கு வெயிலில் வெந்துபோய் உள்ளே போனால், பீப்பா முடிந்துவிட்டது, அடுத்தது இன்னும் தெளியவில்லை, அடுத்த சனிக்கிழமை வாருங்கள் என்று அங்கே நிற்கும் பெண் சொல்லிவிட்டார். தலை நரைத்தவர், முழங்கைவரை பச்சை குத்தியிருந்தார். எனக்கு ஏமாற்றம். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியே, பழசை ஊத்தித் தராமல் இல்லையெண்டு சொல்லிப்போட்டாள். உவள் நேர்மையான ஆள்."

அடுத்த சனிக்கிழமை ஊற்றித் தந்தார். அப்பா ஐஸ் கேட்டார். அந்தப் பெண் கிளாஸின் வாயைக் கையால் மூடிக்கொண்டார். குழந்தையின் கண்ணில் வெயில் படாமல் மறைப்பதுபோல. முதலில் இப்படியே குடித்துப் பாருங்கள் என்றார். அப்பா குடித்தார். சூடான பியருக்காக ஒஷாவா வரைக்கும் வந்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று தமிழில் சொன்னார். பிறகு இன்னொரு வாய். பிறகு கிளாஸைக் கீழே வைத்தார்.

கீழே வைத்தார், அண்ணா. வைத்துவிட்டுக் கதைக்கத் தொடங்கினார்.

இதே ஒஷாவாவுக்குத்தானே அப்பா வருடக்கணக்காக நைற் ஷிஃப்ற்றுக்கு 401 நெடுஞ்சாலையில் ஓடினார். நெடுஞ்சாலைக்குத் தெற்கே இவ்வளவு பக்கத்தில் ஏரி கிடந்தது தனக்குத் தெரியாது என்றார். தெரியும், வரைபடத்தில் பார்த்திருக்கிறேன், ஆனால் தெரியாது என்றார். கராஜில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், யாருக்கும் யாரும் கேட்கமாட்டார்கள், அதற்காகவே போவது என்றார். பிறகு என்னைக் கேட்டார், "உன்ர ஆராய்ச்சி என்னத்தைப் பற்றினது பிள்ளை?" நான் பட்டம் வாங்கி மூன்று வருடமாகிறது. சொன்னேன். ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். விளங்கியிருக்காது. எனக்கே அது இப்போது முழுதாக விளங்குவதில்லை. கிளாஸில் பாதி அப்படியே இருந்தது.

ஒருமுறை அம்மாவும் வந்தார். ரயிலில் வந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பப்புக்குள் இருந்தார். தேநீர் கேட்டார், கொடுத்தார்கள். அப்பாவின் கிளாஸை எடுத்து மணந்து பார்த்தார். "உந்த அரிசி கழுவின தண்ணிக்கோ இவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கிறியள்?" அம்மா என்ன சொன்னார் என்று பக்கத்து மேசைக் கிழவர் கேட்டார். பியர் அருமையாம் என்று மொழிபெயர்த்தேன்.

எல்லாம் இப்படி நேராக நடக்கவில்லை. ஜூலையில் ஒருநாள் இரத்தினவேல் அங்கிள் ஆட்கள் பூங்காவில் எங்களைக் கண்டுவிட்டார்கள். ஹெல்மெற்றைப் பார்த்துச் சிரிப்பு. "நவரட்ணண்ணை, மனிசி வேலி தாண்ட விசா தந்திட்டாவோ?" அப்பாவும் சிரித்தார். அடுத்த நாள் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அங்கிளின் கராஜுக்குப் போனார். குடித்தார். நான்தான் காரில் போய் ஏற்றி வந்தேன். அவர் சீற்பெல்ற்றைப் பூட்ட முடியாமல் நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். அம்மா கதவைத் திறந்தார். ஆனால் அந்தக் கிழமை முழுவதும் பேசவில்லை. இதை எழுதாமல் விட்டிருக்கலாம். விட்டால் மற்றதையும் நீங்கள் நம்பத் தேவையில்லை.

சனிக்கிழமை காலை அப்பா தானே ரயருக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றார். போவமோ என்று கேட்டார். போனோம்.

ஓகஸ்ட் கடைசியில் இரத்தப் பரிசோதனை. ஈரல் தேறி வருகிறது. டொக்டர் இரண்டுதரம் பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சைக்கிள் என்றார் அப்பா. சட்டம் என்றார் அம்மா. அந்த ஒன்றையும் விட்டால் இன்னும் நல்லது என்று டொக்டர் இப்போதும் சொல்கிறார். அப்பா யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் அம்மா அழுதார். அவ்வளவு நாளும் அழாதவர். அப்பா ஹெல்மெற் இல்லாத தலையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

நேற்று வடக்கே, அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் போனோம். காரின் பின்னால் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு. காடு, மேடு, இலைகள் ஓரத்தில் சிவக்கத் தொடங்கியிருக்கின்றன. காட்டுப்பாதை முடியும் இடத்தில் ஒரு சின்னப் பப். அங்கே ஊற்றியது இதுவரை குடித்ததிலெல்லாம் நல்லது என்றார் அப்பா. நானும் ஒரு வாய் குடித்தேன். அடுப்பில் பாண் கருகிய வாசனை, தேன் மாதிரி ஏதோ. அவர் முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. கனத்த மழை. காரை நிறுத்திய இடத்துக்கு அரை மணி நேர ஓட்டம். பப்காரர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார், எங்களைப் பார்த்தார். இந்த மழையில் போகவேண்டாம், இன்னொன்று என் கணக்கில் என்று சொல்லிப் பம்பின் பிடியில் கையை வைத்துவிட்டார்.

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அது காவலாகிவிடும். மேசையில் இருந்த ஈரவட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதிரை பின்னால் போகிற சத்தம் கேட்டது. அப்பா ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். ஹெல்மெற்றின் வாரைப் பூட்டிக்கொண்டே, "வா பிள்ளை, நனைஞ்சால் காயும்" என்றார்.

நனைந்தோம். வழி முழுவதும் அவர் முன்னால் போனார். முதுகில் சேறு தெறித்துக் கோடாக ஏறியிருந்தது. எனக்குச் சிரிப்பாக வந்தது. ஏன் என்று தெரியவில்லை, நிறுத்த முடியவில்லை.

இன்னொரு விஷயம்.

போன மாதம் நீங்கள் எடுத்தபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. உங்களுக்கு அப்போது வேலைநாள் காலை. ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். நடுவில் என்னவோ விழுந்து உடைந்தது. பூனை என்றீர்கள். உங்களிடம் பூனை இல்லை. அம்மா குசினியில் இருந்தார், கேட்கவில்லை. அப்பா பக்கத்தில் இருந்தார். போனை வைத்தபிறகு, "அவனுக்கும் ஒரு சைக்கிள் பாத்து வை" என்றார். பிறகு, "என்னைவிட அவன் உயரம், பெரிய ஃப்ரேமாப் பார்" என்றார்.

பார்த்துவிட்டேன். பச்சை நிறம். எங்கள் கராஜில் அப்பாவுடையதற்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஒக்டோபரில் காடு முழுவதும் நிறம் மாறியிருக்கும். குளிர் உடுப்பு கொண்டு வாருங்கள், கையுறை இங்கே இருக்கிறது. அம்மா உங்களுக்காக இறால் வாங்கி ஃப்ரீசரில் வைத்திருக்கிறார். சனிக்கிழமை மூன்று பேரும் போவோம். அப்பா உங்களிடம் எதையும் கேட்கமாட்டார். நானும் கேட்கமாட்டேன். மேசையில் அவருக்கு முன்னால் இருங்கள். அவர் குடிப்பதையே குடியுங்கள், வேண்டாமென்றால் தேநீர் தருவார்கள். அவர் ஏரியைப் பற்றிச் சொல்வார், கேளுங்கள்.

அவர் எழும்பும்போது நீங்களும் எழும்புங்கள், அண்ணா.

உங்கள் வரவுக்காகக் காத்திருக்கும் தங்கை,
அட்சயா