கோட்டைச் சாவி

வெள்ளிக்கிழமை, இரவு.

சாப்பிடும்போது தங்கச்சி தன் வரலாற்றுப் பாடத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். போர்க்காலத்தில் ஒரு அரசன் தளபதிக்கு எழுதிய கடிதங்கள். கூலிக்கு வந்த அந்நியப் படையை அவன் நம்பவில்லை. பிரெஞ்சில் வாசித்துத் தமிழில் சொன்னாள்:

"அவங்களை எல்லாருக்கும் முன்னால புகழு. சம்பளத்தைப் பிந்தாமல் குடு. கோட்டைச் சாவியை மட்டும் குடுத்திடாத."

அப்பா மேசையில் தட்டிச் சிரித்தார். "ராசா லேசுப்பட்ட ஆளில்லை! என்ர பிள்ளை என்ன வடிவா வாசிக்கிறாள்!"

பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் அப்பாவின் மரக்கறிக் கடையில்தான் நிற்கிறேன். நேற்றும் அப்பா ஒரு வாடிக்கையாளரிடம், "இவள் இல்லாட்டிக் கடையே இல்லை, அண்ணை," என்றார். வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். இன்று கடைக்குப் புதுப் பூட்டுப் போட்டார். மாற்றுச் சாவியைத் தங்கச்சியிடம் கொடுத்தார். கறிவேப்பிலை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"என்னக்கா, மூஞ்சை நீட்டிக்கொண்டு இருக்கிறாய்?"

"ஒண்டுமில்லை."

பக்கத்து நகரமான லவாலில் வேறொரு கடையில் நான் வேலை கேட்டது அப்பாவின் காதுக்கு எட்டிவிட்டதோ? கேட்கப் பயமாக இருக்கிறது.

சாவி அவளுடைய புத்தகப் பையில் முயல் பொம்மையோடு தொங்குகிறது. நாளை விடிய அப்பா சரக்கெடுக்கப் போய்விடுவார். கடை திறக்க, சாவி கேட்டு நான் அவளைத்தான் எழுப்ப வேண்டும்.