நாலு பக்க நிராகரிப்பு

அன்புள்ள மச்சான்,

எட்டு வருஷத்துக்கு முன் உன் ஆய்வுக் கட்டுரையை நிராகரிக்கச் சொல்லி இதழுக்கு எழுதிய மதிப்பீட்டாளன் நான்தான். உன் பெயரை மறைத்துத்தான் அனுப்பினார்கள்; உன் வளவளா நடை முதல் பக்கத்திலேயே காட்டிக்கொடுத்தது. தெரிந்த ஆள் என்றால் மதிப்பிடாமல் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் ஆறு வருஷமாகத் தேடியும் எனக்குச் சிக்காத விடை உனக்குச் சிக்கியிருந்தது. பொறுக்கவில்லை. ஆதாரம் போதாது என்று நாலு பக்கம் தீட்டினேன்.

கட்டுரை நிராகரிக்கப்பட்ட அன்று கேண்டீனில், "எவன்டா அந்தப் புண்ணியவான்?" என்று கேட்டாய்.

"எவனாவது வயித்தெரிச்சல் புடிச்சவனா இருப்பான், விடுடா," என்றேன்.

நீ ஆராய்ச்சியையே விட்டாய். உன் முகத்தில் விழிக்க முடியாமல் நான் ஒதுங்கினேன். உன் அம்மா இறந்தபோதுகூட வரவில்லை.

இப்படிக்கு,
உன் பழைய அறைத்தோழன்

பி.கு.: நேற்று அந்த இதழாசிரியரைப் பார்த்தேன். என் நாலு பக்கம் கெடு தாண்டி வந்ததாம். அதற்குள் வேறொரு மதிப்பீட்டாளர் சொன்னதை வைத்து முடிவெடுத்துவிட்டார்களாம். என்னுடையதை யாரும் படிக்கவே இல்லை.