ஒன்பது புள்ளிகள்

பிப்ரவரி 4

என் எலிக்குட்டிக்கு,

இங்கே நான் நலம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ "ம்" என்றாய், நான் "ம்" என்றேன், ஆறு நிமிடம் போய்விட்டது. உன் அம்மா இருந்திருந்தால், "அப்பனும் பொண்ணும் இப்படியே ம்ம்னு நின்னா போனுக்கே தூக்கம் வந்துடும்" என்று சொல்லியிருப்பாள். நமக்குக் கடிதம்தான் சரிப்படும்.

உன் ஆபீஸில் அந்தப் பக்கத்து மேசைப் பெண் சுகமா? அவளோடு உட்கார்ந்து நீ சாப்பிடுகிறாய் என்று நினைத்தால் இங்கே எனக்கும் சாப்பாடு இறங்குகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போனேன். டாக்டர் ரத்த முடிவைப் பார்த்துவிட்டு ஏதேதோ சொன்னார். தமிழ் பேசும் நர்ஸம்மா அன்று விடுப்பு. எனக்குப் புரிந்ததெல்லாம் மூன்று: கொழுப்பு மாத்திரை, ஸ்டாட்டின், யோசித்துச் சொல். யோசிப்பதற்கென்று ஒரு தாளையும் கொடுத்தார். முழுக்க ஆங்கிலம். மூன்றாம் மாடி அலுவலகத்துப் பெண்ணிடம் சொல்லி நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். மூலத்தாள் என்னிடமே இருக்கட்டும்.

அதில் நூறு குட்டி மனிதர்களை வரிசையாக வரைந்திருக்கிறார்கள். சில பேர் மேல் கறுப்பு. எனக்குப் புரிந்த ஒரே இடம் அது. அந்த நூறு பேரில் நான் எவன் என்று மட்டும் புரியவில்லை.

நீ படித்தவள். என்ன எழுதியிருக்கிறது என்று சொல். நீ போடச் சொன்னால் போடுகிறேன், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். வரும் மாதம் 20ஆம் தேதி பதில் சொல்ல வேண்டும்.

ஏழாம் மாடியிலிருந்து நூற்று ஐம்பத்து நான்கு படியும் துடைத்து முடித்து, கீழே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது வாளியின் குற்றம்.

உன் அப்பா

பிப்ரவரி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தாளை அதற்கு மேல்.

முதலில் ஒன்று. நான் படித்தது மண்ணைப் பற்றி. மண்ணைக் காயவைத்து, சலித்து, எடைபோட்டு, இதன் மேல் கட்டடம் நிற்குமா என்று சொல்வதுதான் என் வேலை. மண்ணுக்குக் கொழுப்பு ஏறியிருந்தால் சட்டென்று சொல்லிவிடுவேன். மனிதர்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் தாளில் உள்ளதைத் தமிழில் எழுதுகிறேன். அது புள்ளி புள்ளியாக இருக்கிறது. நானும் அப்படியே போகிறேன்.

முதல் புள்ளி: சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ரத்தக் குழாய்கள் சீக்கிரம் பழுதாகின்றன, அதனால் மாரடைப்பும் பக்கவாதமும் வர வாய்ப்பு அதிகம். இரண்டாவது: இதனால்தான் நாற்பது வயது தாண்டிய சர்க்கரைக்காரர்களுக்கு, கொழுப்பின் அளவு ரொம்ப மோசமாக இல்லாவிட்டாலும் ஸ்டாட்டினைச் சொல்கிறார்கள். மூன்றாவது: இது சர்க்கரை மாத்திரைக்குப் பதில் அல்ல, அதையும் நடையையும் உணவுக் கட்டுப்பாட்டையும் விடக் கூடாது. (நீங்கள் நடப்பதைப் பற்றி அவர்களுக்கு யாராவது சொன்னால் நல்லது.)

நான்காவது உங்கள் நூறு பேர். உங்கள் வயதும் உங்கள் ரத்த அளவுகளும் உள்ள நூறு பேரை எடுத்தால், மாத்திரை இல்லாமல் பத்து வருடத்தில் இருபத்து நான்கு பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரலாம். ஐந்தாவது: அந்த நூறு பேரும் மாத்திரை போட்டால் அது பதினெட்டாகக் குறையும். ஆறு பேர் தப்பிப்பார்கள். மற்றவர்களுக்கு மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். நீங்கள் எவர் என்று டாக்டருக்கும் தெரியாது அப்பா. அந்தப் படத்தை வரைந்தவருக்கும் தெரியாது.

ஆறாவது: மாத்திரையால் சர்க்கரை கொஞ்சம் ஏறலாம், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு நன்மைதான் அதிகம். ஏழாவது: தொடங்கும் முன் ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்வார்கள், சில மாதம் கழித்துத் திரும்பவும். எட்டாவது: வேறு மருந்து எதையாவது எடுத்தால் சொல்லிவிட வேண்டும், முடிவு உங்களுடையது.

நான் போடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆறு பேரில் ஒருவராக நீங்கள் இருந்துவிட்டால் எனக்குப் போதும்.

பக்கத்து மேசைப் பெண் நலம். நேற்று என் டப்பாவில் பாதியைப் பிடுங்கிக்கொண்டாள். "உங்கப்பா ஊர்ல இல்லாத தைரியத்துல எடுக்கறேன்" என்றாள்.

உங்கள் எலிக்குட்டி

பிப்ரவரி 23

எலிக்குட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்து அச்சு போல இருக்கிறது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாடிக்கு மாடி நின்று படித்தேன்.

வாசல் காவலாளியிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். அவன் கேட்டுவிட்டு, "அண்ணே, அந்த மாத்திரையா? என் மச்சான் போட்டான். ஒரே மாசத்துல கால் ரெண்டும் கட்டை மாதிரி ஆயிடுச்சு. நீங்க படி ஏறிப் பிழைக்கிற ஆளு, யோசிச்சுக்குங்க" என்றான். "என் பொண்ணு எழுதியிருக்கா, அதுல அப்படி ஒண்ணும் இல்லடா" என்றேன். "தாள்ல இருக்கும், பாருங்க" என்றான்.

எனக்கு அந்த எழுத்துத் தெரியாது. எண்ணத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டுதான் படி இறங்குகிறேன், எண்ணிக்கை தவறினால் எங்கோ ஒரு படியைத் துடைக்காமல் விட்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

தாளில் கறுப்புப் புள்ளிகளை எண்ணினேன். ஒன்பது. உன் கடிதத்தில் எட்டு.

மூன்று தடவை எண்ணினேன்.

அப்பா

மார்ச் 1

அப்பாவுக்கு,

ஒன்பதுதான். நான் விட்டது தாளில் ஏழாவது. இப்போது ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன்.

"சிலருக்குத் தசைகளில் வலி, பிடிப்பு அல்லது சோர்வு ஏற்படலாம். குறிப்பாகத் தொடை, கெண்டைக்கால். பல சமயம் அந்த வலிக்குக் காரணம் மாத்திரையாக இருப்பதில்லை. கடுமையான தசைப் பாதிப்பு மிக அரிது. வலி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், நிறுத்தலாம்."

இவ்வளவுதான். இதைப் படித்ததும் உங்கள் கால்கள்தான் என் கண்முன் வந்தன. காலைப் பற்றி ஒரு வார்த்தை இருந்தாலும் நீங்கள் தாளை மடித்து வைத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். பேனா அந்த இடத்தில் நிற்காமல் அடுத்ததற்குப் போய்விட்டது. எழுதி முடித்த பிறகு, பரவாயில்லை, நல்லதுக்குத்தானே என்று ஒட்டி அனுப்பிவிட்டேன்.

இது முதல் தடவை இல்லை அப்பா. அதை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தை நான்தான் உங்கள் இருவருக்கும் படித்துக் காட்டினேன். எனக்குப் பதிமூன்று வயது. "நல்லா ஓய்வு எடுக்கணுமாம், மருந்தை நிறுத்தக் கூடாதாம்" என்றேன். அவ்வளவுதானா என்று அம்மா கேட்டாள். அவ்வளவுதான் என்றேன். நடுவில் ஒரு வரி இருந்தது. இனிக் குணமாகாது, இருக்கும் சில மாதங்களை வீட்டாரோடு கழிக்கட்டும் என்று. அதை என் வாய் சொல்லவில்லை.

அம்மா தேறிவிடுவாள் என்று நம்பித்தான் நீங்கள் மதியத்துக்கு இரண்டாவது கட்டடத்தை ஒப்புக்கொண்டீர்கள். அம்மா போன மதியமும் அங்கேதான் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் அந்த வரியைப் படித்திருந்தால் நீங்கள் வீட்டில் இருந்திருப்பீர்கள்.

நான் பட்டம் வாங்கிய அன்று நீங்கள் எல்லோரிடமும், "எங்க வீட்ல இனிமே எந்தத் தாள் வந்தாலும் பயமில்ல" என்று சொன்னீர்கள். நான் கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

மாத்திரையைப் பற்றி நான் இனி ஒன்றும் சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு வாயில்லை. தயவுசெய்து நர்ஸம்மா இருக்கும் நாளில் போய்க் கேளுங்கள்.

எலி

மார்ச் 22

என் எலிக்குட்டிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கோபத்தால் இல்லை. மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். உனக்குத்தான் தெரியுமே, நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன், அதற்கு மேல் உள்ளதையெல்லாம் எழுத வேண்டியிருந்தது.

சின்ன வயதில் நீ விரல் வைத்துத்தான் படிப்பாய். வரிக்குக் கீழே விரல் ஊர்ந்துகொண்டே போகும். அன்றைக்கு ஒரு இடத்தில் விரல் ஊரவில்லை, தாண்டியது. நான் பார்த்தேன். உன் அம்மாவும் பார்த்தாள். அதனால்தான் அவ்வளவுதானா என்று கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அதற்கப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் யாரிடமாவது காட்ட எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? காட்டவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று இரண்டாவது கட்டடத்துக்குப் போனேன். வீட்டில் இருந்திருக்க வேண்டியவன் நான். கேட்காமல் விட்டவனும் நான். பதிமூன்று வயசுப் பிள்ளை இல்லை. இதை உனக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் வாளியைத் தூக்குகிறேன், பிள்ளை தாளைத் தூக்குகிறது, எது கனம் என்று யோசிக்கவே இல்லை.

சரி, மாத்திரை. 20ஆம் தேதி போனேன். நர்ஸம்மா இருந்தார். ஒன்பது புள்ளியையும் படித்துச் சொன்னார். ஏழாவதை நீ எழுதியபடியேதான் சொன்னார். அப்போது நான் ஒன்றைச் சொன்னேன். உனக்கும் சொல்லாததுதான். எனக்கு இரண்டு வருடமாகவே கெண்டைக்கால் வலி இருக்கிறது. நான்காம் மாடியில் நின்று கைப்பிடியைத் துடைப்பது போல ஓய்வெடுப்பேன். மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று டாக்டர் சத்தம் போட்டார். "மாத்திரை போட்டப்புறம் சொல்லியிருந்தீங்கன்னா பழி மாத்திரை மேல விழுந்திருக்கும்" என்றார் நர்ஸம்மா. காலில் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று கட்டு மாதிரி ஒன்றைச் சுற்றிப் பார்த்தார்கள், தசைக்கும் ஈரலுக்கும் ரத்தம் எடுத்தார்கள். இன்று காலை முடிவு வந்தது, தடை ஒன்றும் இல்லை. குறைந்த அளவில் தொடங்கி, ஆறு வாரத்தில் வரச் சொன்னார்கள். வலி கூடினால் நானாக நிறுத்தாமல் அவர்களைக் கூப்பிட வேண்டுமாம்.

போடுவதென்று முடிவு செய்துவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை, காவலாளியின் மச்சானை மறந்துவிட்டும் இல்லை. கால் வலித்தால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறலாம். பக்கவாதம் வந்தால் கைப்பிடியைப் பிடிக்கக் கை வேண்டுமே. இங்கே தனியாக இருப்பவன் யோசிக்க வேண்டியது அதைத்தான். முதல் மாத்திரை இன்று போட்டேன்.

இனி எந்தத் தாளும் உனக்கு அனுப்ப மாட்டேன். நர்ஸம்மா படித்துச் சொல்வார், அதற்குத்தான் அவரை வைத்திருக்கிறார்களாம். மனக்கசப்பு என்று நினைத்துவிடாதே. கடிதம் எழுது. படிக்க ஒன்றும் இல்லாத கடிதமாக எழுது. நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது. பக்கத்து மேசைப் பெண்ணைக் கேட்டதாகச் சொல்.

உன் அப்பா

மார்ச் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

கெண்டைக்கால் வலி பற்றிய வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் மாடியில் இனி நிஜமாகவே உட்காருங்கள். கைப்பிடி எங்கும் போய்விடாது.

நீங்கள் கேட்டபடி, தாள் எதுவும் இல்லாமல் எழுத உட்கார்ந்தேன். ஒரு மணி நேரமாக ஒன்றும் வரவில்லை. உங்களுக்குத் தாள் படித்துச் சொல்வதைத் தவிர எனக்கு உங்களிடம் பேசவே தெரியாது போலிருக்கிறது. அதனால் நான் விட்டதிலிருந்தே தொடங்குகிறேன்.

பக்கத்து மேசைப் பெண் வேலையை விட்டுப் போய் ஏழு மாதமாகிறது. மேசையில் இப்போது மண் பைகள் அடுக்கியிருக்கிறார்கள். டப்பாவைப் பிடுங்கியது, நீங்கள் ஊரில் இல்லாத தைரியம் என்று சொன்னது எல்லாம் நடந்ததுதான், ஆனால் போன வருடம். நீங்கள் அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இல்லை என்று எழுத முடியவில்லை. உங்களுக்குச் சாப்பாடு இறங்காதே.

இங்கே மற்றவர்கள் நல்லவர்கள்தான். கூட்டமாக வெளியே சாப்பிடப் போகும்போது "நீயும் வாயேன்" என்பார்கள். நான் சிரித்துவிட்டு வேலை இருப்பது போல் சல்லடையைக் கையில் எடுத்துக்கொள்வேன். அவர்கள் போன பிறகு சலிக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிடுவேன். அப்போது அறை அவ்வளவு அமைதியாகிவிடும்.

ஞாயிறு வரை காத்திருக்காமல், அடுத்த வாரம் வெள்ளி மதியம் ஒரு மணிக்கு ஆபீஸிலிருந்தே போன் செய்கிறேன். "ம்" சொல்லக்கூட வேண்டாம். தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துவிட்டு நீங்கள் சாப்பிடுங்கள். நான் இங்கே என் டப்பாவைத் திறக்கிறேன்.

உங்கள் எலிக்குட்டி