தகரத்துக்கு இந்தப் பக்கம்

மைனி,

இன்று காலை செம்பூர் கிளினிக்கில் என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எண்பது தாண்டிய கிழவன் ஊசியைப் பார்த்துச் சிரிக்கிறானே என்று நர்ஸ் பயந்துபோனார்.

ஃப்ளூ ஊசி, மைனி. வருடா வருடம் போட வேண்டுமாம். யார் யாருக்கு என்று டாக்டரம்மா விரல் மடக்கிச் சொன்னார். வயதானவர்கள், இளைப்பு, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், சின்னப் பிள்ளைகள். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு மட்டும் இதைப் போட முடியாதாம். "அதனால அதைத் தூக்கப்போற எல்லாரும் போட்டுக்கணும்" என்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இதை எங்க அண்ணன் பொஞ்சாதி, எங்க மைனி, அறுபதுகள்லயே சொல்லிட்டாவளே" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

உங்களுக்குப் புரியும். தாராவியில் காய்ச்சல் வீடு வீடாக நுழைந்த அந்த மழைக்காலம். தோல் பட்டறையில் பாதி ஆளைக் காணோம். நானும் இருமிக்கொண்டு பட்டறையிலேயே கிடந்தேன். பெண் பிள்ளை பிறந்திருக்கிறது என்று அண்ணன் வந்து சொன்னதும், காய்ச்சலாவது ஒன்றாவது என்று நனைந்துகொண்டே ஓடிவந்தேன். பிறந்த பிள்ளையின் வலது காதில் பாங்கு சொல்ல வேண்டும். வாப்பா நான். அந்த உரிமையை யாருக்கும் விட்டுத்தருவதாக இல்லை.

பிரசவம் பார்த்த நர்ஸ் விட்டுப்போன ஸ்பிரிட் பாட்டிலோடு நீங்கள் வாசலை மறித்து நின்றீர்கள். உள்ளே வருகிறவர் கையிலெல்லாம் அதை ஊற்றித் தேய்க்கச் சொன்னீர்கள். என் கையில் மட்டும் ஊற்றவில்லை.

"நில்லுங்க தம்பி. படி தாண்டக் கூடாது."

"காதுல ஒரு பாங்கு. சொல்லிட்டுப் போயிருதேன் மைனி."

"அந்த மூச்சுதான வேண்டாங்கேன். போன வருசம் எம் புள்ளய இந்தக் காய்ச்சலுக்குக் குடுத்தேன். இதக் குடுக்க மாட்டேன்."

அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளையைப் பறிகொடுத்தவள் பொறாமையில் மறிக்கிறாள் என்றுகூட நினைத்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. எனக்குப் பதிலாக அண்ணனைப் பாங்கு சொல்லச் சொல்லியிருக்கலாம், நீங்கள் சொல்லவில்லை. பின்பக்கத்துத் தகரச் சுவரைக் காட்டினீர்கள்.

"அங்கன நின்னு சொல்லுங்க. புள்ளைய இந்தப் பக்கம் ஒட்டிப் பிடிக்கேன். அல்லாவுக்குத் தகரம் மறைக்குமா?"

காதோடு மெல்லச் சொல்ல வேண்டிய பாங்கு. தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். அடுத்த வீட்டுத் தையற்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டு, தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்த ஈரக் கையோடு வெளியே வந்தார். "என்னவே, லுஹர் தொழுகைக்கு இன்னும் நேரம் கெடக்கே?" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். உள்ளே பிள்ளை வீல் என்று அழுதது. "கேட்டுட்டு தம்பி, கேட்டுட்டு!" என்று நீங்கள் கத்தினீர்கள். உங்கள் குரலும் அழுகிற குரலாகத்தான் இருந்தது. மழையில் நின்று நானும் அழுதேன்.

பத்து நாள் கழித்துத்தான் அவளை என் கையில் கொடுத்தீர்கள். அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

இன்று கிளினிக்கில் எனக்கு அடுத்த நாற்காலியில் அவள்தான் இருந்தாள், முடியெல்லாம் நரைத்து. நெருளில் அவளுடைய பேரப்பிள்ளை அடுத்த மாதம் பிறக்கப் போகிறது. பிள்ளைத்தாய்ச்சி முதலில் போட்டுக்கொண்டாள், இப்போது நாங்கள். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகுமாம். அதனால்தான் இன்றைக்கே ஓடினோம். பாங்கு சொல்வது நான்தான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த முறை காதோடு, மெதுவாக.

ஊசி போட்டாலும் இருமல் வரவே வராது என்றில்லை, அதையும் டாக்டரம்மா சொன்னார். கவலைப்படாதீர்கள் மைனி. நெருள் வீட்டில் தகரச் சுவர் இல்லை, கண்ணாடி ஜன்னல்தான். வெளியே எங்கே நிற்க வேண்டும் என்று பார்த்து வைத்துவிட்டேன்.