இதில் எந்த உயிரும் இல்லை

டிங்வால், ஸ்காட்லாந்து,
ஆகஸ்ட் 11

அன்புள்ள ரோனாவுக்கு,

உன் அண்ணி ஐஸ்பெல் எழுதுகிறேன். நீ அனுப்பிய படம் வந்தது. நியூசிலாந்தில் இப்போது குளிர்காலம், டனீடினில் உறைபனி என்றும், ஜன்னலோரம் உட்கார்ந்து காபி குடிப்பதாகவும் எழுதியிருந்தாய். நல்லது. நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லப்போகிறேன். போனில் கூப்பிட்டால் நீ சிரித்துப் பேசியே நழுவிவிடுவாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

வீட்டுக் கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்தாயிற்று. இந்த வருஷ மழையில் உருளைக்கிழங்கு பாதி அழுகிப்போனது. உன் அண்ணனுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. காலையில் தபால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார், மத்தியானம் திரும்புகிறார். டீ கொடுத்தால் "நன்றி" என்கிறார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் ஃபார்க்கர் எனக்கு நன்றி சொன்னதே கிடையாது. இப்போது ஒரு நாளைக்கு நான்கு முறை சொல்கிறார். வேறு பேச்சு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை நம் ஊர் விளையாட்டு விழா. மே, ஜூன் மாதங்களில் பேக்பைப் குழு ஊர்வலம் போன நாளெல்லாம் வெயில் அடித்தது. நம் நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை மழை கொட்டித் தீர்த்துவிட்டது. பன்னிரண்டு பேரும் மைதானத்தில் வட்டமாக நின்று வாசித்தார்கள், நடுவில் தலைவராக உன் அண்ணன். பன்னிரண்டு கில்ட் பாவாடைகளின் முன்னாலும், இடுப்பிலிருந்து தொங்க, நாம் செய்துகொடுத்த ஸ்போரன் பைகள். வெள்ளை முடி முழங்கால்வரை தொங்க, அதன்மேல் இரண்டு கறுப்புக் குஞ்சம். நான் வேலிக்கு இந்தப் பக்கம் குடைபிடித்து நின்றிருந்தேன். பெருமையாகத்தான் நின்றிருந்தேன், மறைப்பானேன்.

வாசித்து முடித்துக் கூடாரத்துக்குள் வந்தார்கள். பக்கத்து ஊர்க் குழுவும் அங்கேதான் ஒதுங்கியிருந்தது. அதில் ஒரு டிரம்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏம்ப்பா, உங்க பைக்குள்ள ஆடு ஏதும் செத்துக் கிடக்கா? மொச்சை நாத்தம் தாங்கலியே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நம் குழுவில் பெரிய டிரம் அடிக்கும் மங்கோ கிழவனுக்குக் கேட்கவா வேண்டும். "ஆடா? சே சே, இது சோளத்துல செஞ்ச முடியாக்கும். நம்ம தலைவர் அட்டையைப் படிச்சுக் காட்டினாரே, இதில் எந்த உயிரும் இல்லைன்னு. சோளம் நனைஞ்சா ஆட்டு வாடைதான் வரும் போல" என்றான்.

அந்த அட்டையை எழுதியது நீ. ஒவ்வொரு ஸ்போரன் பெட்டியிலும் பச்சை நூலால் கட்டி வைத்ததும் நீ.

உன் அண்ணன் சிரிக்கவில்லை. தன் இடுப்பிலிருந்த ஸ்போரனைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். ஆடும் செம்மறியும் வளர்த்த வீட்டுப் பிள்ளைக்கு அது என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கேயே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பரிசு கொடுக்கும்வரை, அத்தனை பேர் முன்னால், முன்பக்கம் வெறுமையாக நின்றார். கில்ட் கட்டத் தெரிந்த எவனும் அப்படி நிற்க மாட்டான்.

மறுநாள் காலை, சமையலறை மேசையில் ஒரு சாஸரை வைத்து, நாலு முடியைப் பிடுங்கித் தீக்குச்சியைக் காட்டினார். பிளாஸ்டிக் என்றால் உருகி மணியாகத் திரளும். இது சுருண்டு கருகிச் சாம்பலானது. வீடு முழுக்க முடி கருகிய நாற்றம். ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து என்னைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "ரோனாதானே வாங்கினா" என்றேன். "அவ வாங்கினது எனக்கும் தெரியும். உன்னைக் கேக்கறேன்" என்றார். தெரியாது என்றேன். "சரி" என்று எழுந்து போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

அன்றே குழுத் தலைவர் பதவியை விட்டுவிட்டார். பழைய குதிரை முடி ஸ்போரன்களை மங்கோ பரணிலிருந்து இறக்கியிருக்கிறான் என்று கேள்வி. இப்போது சுற்று வட்டாரம் முழுக்க நம் குழுவுக்கு ஆட்டுக் குழு என்று பெயர். உன் அண்ணன் தபால் கொடுக்கப் போகிற தெருவில் யாரோ ஒரு பிள்ளை "மே" என்று கத்தியதாம்.

எனக்கு உன்மேல் எவ்வளவு கோபம் என்று உனக்குத் தெரிய வேண்டும். ஊரில் வேறு யார் இதைச் செய்திருந்தாலும் பொறுத்துக்கொள்வேன். கோமாரி நோய் வந்த வருஷம் உங்கள் அப்பாவின் மந்தையை அரசாங்க ஆட்கள் ஒன்று விடாமல் சுட்டுப்போட்டபோது அந்த வயலில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நீ. அவருக்கு அப்போது பத்தொன்பது, உனக்குப் பதினைந்து. அன்றிலிருந்து அவர் தோலையோ முடியையோ உடம்பில் படவிட்டதில்லை. பேக்பைப்பின் காற்றுப் பையைக்கூட ஆட்டுத் தோலிலிருந்து துணிக்கு மாற்றி, ஒரு வருஷம் சுருதி சேராமல் திண்டாடினார். அது அத்தனையும் உனக்குத் தெரியும். தெரிந்தே மூன்று மாதம் அவர் இடுப்பில் ஆட்டைக் கட்டித் தெருத்தெருவாக நடக்கவைத்தாய்.

இப்போது என் பங்கு. உன்னிடம் பூசி மெழுகி என்ன பயன், நீயும்தான் அந்த அறையில் இருந்தாய்.

நவம்பரில் நாம் முதலில் செய்த மாதிரி ஞாபகம் இருக்கிறதா? கார்க் மரப்பட்டையில் செய்த பை நன்றாகத்தான் இருந்தது. அதில் வைத்த நைலான் முடிதான் காலை வாரிவிட்டது. கம்பளிக் கில்ட்டில் உரச உரச அது அப்படியே மேலே எழும்பி ஒட்டிக்கொண்டது. உன் அண்ணன் அதைக் கட்டி நாலு அடி நடந்ததும், "என்னய்யா இது, பூனைக்குட்டி தொடையைக் கட்டிப் புடிச்ச மாதிரி" என்று மங்கோ சொன்னதில் பாதிப் பேர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். குதிரை முடியை விட்டுவிடலாம் என்ற இவர் யோசனை குழுவில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில்தான் ஜெயித்திருந்தது. அடுத்த மாதிரியும் சொதப்பினால் பழையபடி குதிரை முடிதான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. நீ, "என்கிட்ட விடுங்க" என்றாய்.

ஜனவரியில் நீ வரவழைத்த முடிக் கட்டு வந்தது. பிரித்து மேசையில் போட்டாய். நான் எடுத்துத் தடவினேன். செயற்கை முடி எந்தப் பக்கம் தடவினாலும் வழுக்கும். இது நுனியிலிருந்து அடிக்குப் போகும்போது விரலைப் பிடித்தது. இவரைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் பதினெட்டு வயதிலிருந்து நான் தோலும் முடியும் தைத்தவள், கண்ணைக் கட்டிவிட்டு ஒரு ஸ்போரனைக் கையில் கொடுத்தாலும் என்ன பிராணி என்று சொல்லிவிடுவேன். முதல் தடவலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். "சோளத்துலேருந்து எடுக்கறாங்களாம் அண்ணி. புதுசாம்" என்றாய்.

நான் "அப்படியா" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. பிறகு பன்னிரண்டையும் உட்கார்ந்து தைத்தேன். அவர் ஜெயிக்க வேண்டும் என்பதைத் தவிர என் மனதில் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் அவர் கட்டிக்கொண்டு கூடத்தில் நடந்து காட்டியபோது ஒவ்வொரு அடிக்கும் அந்த முடி இடமும் வலமும் ஆடியது. அவர் முகத்தைப் பார்த்து நான் அழுதேன். நீ கைதட்டினாய். மார்ச்சில் விமானம் ஏறிவிட்டாய். கெட்டிக்காரி.

நேற்று அவர் தானாகப் பேசினார். பூட்ஸைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ரோனாவுக்குத் தெரிஞ்சுதான் இருக்கும். அவ கூடப் பிறந்தவ, நாலு நாள் திட்டிட்டு விட்டுருவேன். நீயும் தெரிஞ்சே தைச்சிருந்தா, அதை மட்டும் என்னால முடியாது ஐஸ்பெல். இந்த வீட்டுல இருக்க முடியாது."

சொன்னபடி செய்கிறவர் என்று உனக்குத் தெரியும்.

ஆகவே நீ அவருக்கு ஒரு கடிதம் எழுது. நான்தான் வாங்கினேன், நான்தான் மறைத்தேன், அண்ணிக்கு ஒன்றும் தெரியாது என்று எழுது. முதல் இரண்டும் உண்மை, எழுதுவதில் உனக்குக் கஷ்டம் இருக்காது. மூன்றாவதையும் அதே கையெழுத்தில் எழுது. அட்டையில் எழுதியவளுக்கு இது பெரிய காரியம் இல்லை. எனக்கு முகத்தில் பொய் நிற்காது, அதனால்தான் ஒரு வாரமாக அவருக்கு முதுகைக் காட்டியே டீ ஊற்றுகிறேன்.

எனக்கு எழுதாதே. டிங்வாலுக்கு வரும் தபால் எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் வரும். என் பெயரைப் பார்த்தால் யோசிப்பார். அவர் பெயருக்கே எழுது. இதையும் நான் பக்கத்து நகரம் இன்வெர்னஸுக்குப் போய்த்தான் போடுகிறேன், பல் வைத்தியரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். இப்படித்தான் ஒன்றின்மேல் ஒன்றாகப் போகிறது.

உன்னை அவர் மன்னித்துவிடுவார். பிறப்பிலேயே வந்த அதிர்ஷ்டம் அது, உனக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. அதில் கொஞ்சத்தை எனக்குக் கொடு என்றுதான் கேட்கிறேன். இத்தனை திட்டிவிட்டுக் கேட்க எனக்கு வெட்கமாக இல்லை. பயமாக இருக்கிறது, ரோனா.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, உனக்குச் சீக்கிரம் சளி பிடிக்கும். கடவுள் உன்னை நல்ல சுகத்தோடு வைத்திருக்கட்டும், அந்த மூன்றாவது வரியை நீ எழுதி முடிக்கும்வரையாவது.

இன்னும் உன் அண்ணியாக இருக்கும்,
ஐஸ்பெல்