எயினியின் பழி நீக்கிய ஓலை

அலை ஓயாத தொல்கரை நாட்டை ஆளும் அரசி மாநங்கையார் திருவுளப்படி, கல்லூற்றுக் கோட்டைத் தலைவர் நன்மருதனாருக்கு மருத்துவன் சாத்தேவன் எழுதும் ஓலை. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் குடிகள் நோயின்றி வாழ்க.

வேறெதையும் படிக்கும் முன், தங்கள் காவலில் இருக்கும் எயினியை அழைத்து, அவள் மகள் பூவை பிழைத்திருக்கிறாள் என்று சொல்க.

எயினி துறைமுகத்தில் மீன் உலர்த்தி வாழ்ந்தவள். ஊரெல்லாம் இருமித் தேறிய எளிய சளிக்காய்ச்சலில் அவள் பிள்ளைகள் இருவர் அடுத்தடுத்த மாரியில் மூச்சடைத்து மாண்டனர். நஞ்சின்றி இச்சாவு நேராது என்று அவையில் உரைத்தவன் இந்தச் சாத்தேவனே. "ரெண்டு பேருக்கும் நான் குடுத்தது கஞ்சித் தண்ணிதான் ஐயா, வேறொண்ணும் அறியேன்" என்று அவள் கதறியபோது, அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கைக்குழந்தை பூவையைத் தந்தையிடம் விட்டு, அவளைத் தங்கள் கோட்டைக் காவலுக்கு நாடு கடத்தியதும் அவன் சொல்லால்தான்.

மூன்றாண்டு கழித்து, சென்ற திங்களில், பூவைக்கும் அதே காய்ச்சல் கண்டது. சாத்தேவன் அவளைத் தன் இல்லத்தில் கிடத்தி, தன் கையாலன்றி ஒரு துளி நீரும் எவரும் ஊட்டாதபடி காத்தான். ஆயினும் மூன்றாம் நாள் அவள் உதடு நீலம் பாரித்தது. ஒன்பது நாள் துருத்தியால் மூச்சூட்டியே அவளை மீட்டனர்.

அவள் குருதியை ஆய்ந்த அறிஞர் கூறியது இது. காய்ச்சற்கிருமி உயிரணுவுக்குள் புகுந்து தன் மரபிழையைப் படியெடுக்கும்போது, இரண்டு இழை முறுக்கிய நீள்நூல் தோன்றும். அணுவுக்குள் கட்டளை சுமந்து செல்லும் நம் உடலின் சொந்தச் செய்தி இழையில் அத்தகைய நீண்ட முறுக்கு இராது. அதைத் தொட்டறிந்து அண்டை அணுக்களை எச்சரிக்கும் காவல் ஏற்பி நமக்குப் பிறவியிலேயே உண்டு. பூவைக்கு அது பழுதாய் அமைந்தது; தாயும் தந்தையும் தாம் நோயுறாமலே ஆளுக்கொரு பங்காய் அப்பழுதைச் சுமந்திருந்தனர், இரு பங்கும் அவளிடம் சேர்ந்தன. எச்சரிக்கை எழாமையால் கிருமி தடையின்றிப் பெருகிற்று. மாண்ட இருவரும் அவ்வாறே பிறந்திருத்தல் வேண்டும்.

அன்று எவரும் அறியாததை நீர் எவ்வாறு அறிவீர் என்று அரசியார் ஆறுதல் மொழிந்தார். சாத்தேவன் அதை ஏற்கவில்லை. தெரியாது என்று அவன் சொல்லியிருக்கலாம், தெரியும் என்றான்.

ஆதலால், எயினி குற்றமற்றவள் என்று கோட்டை வாயிலில் முரசறைந்து அவளை விடுவிக்க. வருவாளாயின் அரச படகில் அனுப்புக. இந்நகரில் கால் வையேன் என்பாளாயின் வற்புறுத்தற்க. குழந்தை அங்கே வருவாள். வளர வளர உடல் ஒவ்வொரு கிருமியாய்ப் பழகித் தேறும்; அதுவரை மருத்துவன் ஒருவன் அருகிருக்க வேண்டும். அப்பணிக்குச் சாத்தேவனே வருவான். அவள் அழைக்கும்வரை வாயிலுக்கு வெளியே நிற்பான்.

இது அரசியார் சங்கு முத்திரையிட்ட ஆணை. மருத்துவன் தன் பதவி முத்திரையை அவையில் ஒப்படைத்துவிட்டமையால், அவன் பெயர்க்கீறல் மட்டும் கீழே உள்ளது.